ஒரு மணிக்கு லைன் நிற்கும்

டெலிபோன் அலறியது.

1991 அக்டோபர். செவ்வாய்க்கிழமை. காலை மணி பதினொன்று பத்து.

வடக்குப்பட்டு கிராமத்தின் கடைசியில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு பட்டறை. வாசலில் 'கனகம் இன்ஜினியரிங்' என்று நீலப் பெயின்ட்டில் எழுதிய போர்டு. உள்ளே ரிசீவரை எடுத்தவள் மதிவதனி. இருபத்து மூன்று வயது. டிப்ளமோ முடித்துவிட்டு, பட்டறையில் இரும்பு கடையும் புதுக் கம்ப்யூட்டர் லேத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவள்.

"கனகம் இன்ஜினியரிங்."

"நடேசனைக் கூப்பிடும்மா. உடனே."

குரலைக் கேட்டதும் அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. வெங்கடேசன். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேன் தயாரிக்கிற ஆதவன் மோட்டார்ஸின் உதிரிபாக மேலாளர். அந்தக் கம்பெனிக்கு பிரேக் சிலிண்டர் செய்து கொடுப்பதுதான் இந்தப் பட்டறையின் ஒரே பிழைப்பு.

"சார்... ஆதவன்ல இருந்து."

முதலாளி நடேசன் ஓடி வந்து ரிசீவரை வாங்கினார். நாற்பத்தெட்டு வயது. சட்டையெல்லாம் வியர்வை. மனைவி கனகத்தின் பெயரில் பட்டறை வைத்து, பதினேழு வருஷம் லேத்தில் நின்று முன்னுக்கு வந்த மனிதர்.

"சொல்லுங்க சார்."

"நடேசன், உங்க வேன் எங்க?"

"இன்னும் வரலியா சார்?"

"பத்தரைக்கு வரணும். மணி பதினொண்ணு பத்து. லைன்ல இருக்கற சிலிண்டர் ஒரு மணி வரைக்கும்தான் தாங்கும். ஒரு மணிக்கு என் லைன் நிக்கும். நின்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்."

தெரியாமல் என்ன?

முன்பெல்லாம் ஆதவன் மோட்டார்ஸில் மூன்று மாதச் சாமான் குடோனில் கூரை வரை அடுக்கி இருக்கும். பதினோரு பட்டறைக்காரர்கள் சிலிண்டர் கொடுத்தார்கள். ஒருவன் தாமதித்தால் இன்னொருவன். கவலையில்லை. இந்த வருஷம் ஜப்பான் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தார்கள். குடோனுக்குப் பூட்டு! அன்றன்றைக்கு வேண்டிய சாமான், வேண்டிய நேரத்துக்கு, வேனிலிருந்து நேராக, வண்டிகளைப் பூட்டி முடிக்கும் லைனுக்குப் போக வேண்டும். பதினோரு பட்டறை எதற்கு? ஒன்று போதும்.

அந்த ஒன்று நடேசன். ஆனால் மூன்று மாதம் பரீட்சை. அதற்குள் அவரால் லைன் ஒரு தடவை நின்றாலும் ஒப்பந்தம் ரத்து.

இன்று எழுபத்தெட்டாவது நாள்.

"பார்க்கறேன் சார். டிரைவர் தசரதன் ஒம்பது மணிக்கே இங்கேயிருந்து..."

அந்தப் பக்கம் போனை வைத்தாகிவிட்டது. ரிசீவரைப் பிடித்தபடி நடேசன் நின்றார்.

மறுபடியும் மணி அடித்தது.

"நடேசனா? போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசறோம். வெள்ளை மெட்டடார் வேன் உங்களதா?"

"ஆமாங்க."

"வாலாஜாபாத் ரோட்ல, ஏரிக்கரைப் புளிய மரத்துக்கிட்ட நிக்குது. டிரைவர் செத்துக் கெடக்கறான். வந்து அடையாளம் காட்டுங்க."

நடேசன் முகத்தில் ரத்தம் இல்லை.

"செத்துட்டானா... இல்லீங்க, அவன் எப்படிங்க சாவான்?"

அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். மதிவதனிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர் கொண்டு வரப் போனாள்.

*

பின்மண்டையில் ஒரே அடி.

தசரதன் ஸ்டீயரிங்கின் மேல் கவிழ்ந்திருந்தான். வேனின் பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பெட்டி கூட இல்லை.

சப் இன்ஸ்பெக்டர் தணிகாசலம் வேனைச் சுற்றி வந்தார். ஒல்லி மனிதர். பேச்சு குறைவு. அவர் மிச்சம் வைத்த பேச்சையெல்லாம் ஹெட் கான்ஸ்டபிள் சுப்பிரமணி பேசி முடித்துவிடுவார்.

"பாக்கெட்ல நூத்திப்பத்து ரூபா அப்படியே கீது சார். கைல வாட்ச்சும் கீது. நம்ம திருடன் ரொம்ப கண்ணியமானவன்."

"சும்மா இருய்யா."

நடேசன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தசரதனைப் பார்த்தார். மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். தணிகாசலம் காத்திருந்தார்.

"எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கான்?"

"பதினஞ்சு வருஷம் சார். பொண்டாட்டி பேரு முனியம்மாள். ரெண்டு பொண்ணுங்க. அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"வேன்ல என்ன இருந்தது?"

"பதினாறு பெட்டி. பெட்டிக்கு இருபத்தஞ்சு, நானூறு பிரேக் சிலிண்டர்."

"அதை வெளியே வித்தா விலை போகுமா?"

"போகாது சார். ஆதவன்ல செய்யற வேனுக்கு மட்டும்தான் பொருந்தும். வேற எதுக்கும் ஆவாது."

சுப்பிரமணி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "காசை வுட்டுட்டு இரும்பத் தூக்கினு போற திருடனை நான் இப்பத்தான் சார் பாக்கறேன்."

"நீங்க சாமான் கொண்டு போக வேண்டியது இருங்காட்டுக்கோட்டைப் பக்கம். வண்டி ஏன் வாலாஜாபாத் ரோட்ல நிக்குது?"

"மடக்கி ஓட்டிக்கினு வந்திருப்பாங்க சார்."

"யாரு? உங்களுக்கு ஆகாதவங்க யாராவது?"

நடேசன் வாட்ச்சைப் பார்த்தார். பதினொன்று ஐம்பது. அந்த மனிதருக்குள் என்னவோ உடைந்துகொண்டிருந்தது.

"சொல்லக் கூடாது சார். ஆனா வேற வழியில்ல. பலராமன்னு ஒருத்தன். ஆதவன்ல எங்க கூட சிலிண்டர் குடுத்துக்கினு இருந்தவன். அவனைக் கழிச்சுட்டு எனக்குக் குடுத்தாங்க. போன மாசம் என்னை நடுரோட்ல நிறுத்தி, உன் வண்டி எப்படிப் போவுதுன்னு பாக்கறேன்னு சொன்னான்."

"அப்படியா?"

"நான் பட்டறைக்குப் போறேன் சார். வெங்கடேசன் சாருக்கு போன் பண்ணி வண்டி கொள்ளை போச்சுன்னு சொல்லியாகணும். முப்பது குடும்பம் சார். இந்த ஒப்பந்தம் போச்சுன்னா முப்பது குடும்பமும் தெருவுலதான்."

கும்பிட்டுவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

*

இருங்காட்டுக்கோட்டை. பன்னிரண்டரை.

பலராமனின் பட்டறையில் லேத் ஓடவில்லை. லேத்துகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. ஒன்பது லேத்தும் பழைய இரும்பு விலைக்கு. நாலு பேர் கயிறு கட்டி இழுக்க, லுங்கியை மடித்துக் கட்டிய கறுத்த மனிதர் ஒருவர் அவர்களோடு தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் பலராமன்.

"தசரதன் செத்துட்டானா? இன்னா சார் சொல்றீங்க?"

"நீ காலையிலேர்ந்து எங்க இருந்தே?"

"ஆறு மணிலேர்ந்து இங்கதான். இந்த நாலு பேரைக் கேளுங்க. லாரிக்காரனைக் கேளுங்க. எதிர்ல டீக்கடைக்காரன் எட்டு டீ குடுத்துகீறான், அவனையும் கேளுங்க."

சுப்பிரமணி ஐந்து நிமிஷத்தில் கேட்டுவிட்டு வந்தார். உண்மைதான். ஆள் இடத்தை விட்டு அசையவில்லை.

"நடேசனை மிரட்டினியாமே?"

பலராமன் ஒரு லேத்தின் மேல் கையை வைத்தார்.

"வயித்தெரிச்சல்ல சொன்னேன் சார். நானும் அவனும் ஒண்ணா வேலை கத்துக்கினவங்க. கம்ப்யூட்டர் லேத் வாங்கறவனுக்குத்தான் ஆர்டர்னு ஆதவன்ல சொன்னாங்க. அவன் கொல்லையை வித்து வாங்கினான். லேத்துல நின்னு கடைஞ்ச பதினாலு டர்னருங்களை வூட்டுக்கு அனுப்பினான். எனக்கு விக்கக் கொல்லை இல்ல. இதான் சார் வித்தியாசம்."

"லைனை நிறுத்தி அவனைக் கவுக்கணும்னு வேற யாராவது இதைச் செஞ்சிருப்பாங்களா? உன்னைச் சேர்த்து பத்துப் பேருக்கு வேலை போயிருக்கே."

பலராமன் சிரித்தார். அதில் சந்தோஷம் ஏதும் இல்லை.

"யோசனை பண்ணிப் பாருங்க சார். லைன் நிக்கணும், அவ்வளவுதானே? ஒரு டயரைக் கிழிச்சா போதும். வண்டி ரெண்டு மணி நேரம் நிக்கும், லைனும் நிக்கும். அதுக்கு எவனாவது பதினாறு பெட்டி கனத்த எறக்குவானா? ஒரு பெட்டி தூக்கினா இடுப்பு ஒடிஞ்சிடும்."

தணிகாசலம் அவரைக் கூர்ந்து பார்த்தார்.

"அப்புறம் இன்னொண்ணு சார். இதால நடேசனுக்கு ஒண்ணும் ஆவாது. தீ, வெள்ளம், வழியில கொள்ளை... இதால லைன் நின்னா பட்டறைக்காரன் மேல குத்தம் இல்லன்னு அந்த அக்ரிமென்ட்லயே போட்டுகீது. கையெழுத்து போடக் குடுப்பாங்கன்னு நம்பி, நானும் அத்த வரிக்கு வரி படிச்சேன்."

ஜீப்பில் ஏறியதும் சுப்பிரமணி கேட்டார்.

"அடுத்தது யாரு சார்? மிச்சம் ஒம்பது பேரையும் புடிக்கணுமா?"

"வேணாம். வடக்குப்பட்டுக்கு விடு."

"அங்க யாரு சார் கீறாங்க?"

"பெட்டியில இருந்தது வெளியில யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு நெனச்ச ஆளு."

*

மணி ஒன்று பத்து.

லைன் நின்றிருக்கும்!

கனகம் இன்ஜினியரிங்கில் யாரும் சாப்பிடப் போகவில்லை. டிபன் பாக்ஸ்கள் வரிசையாக மூடியபடி இருந்தன. முப்பது பேரும் அறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே நடேசன் மேஜையில் தலை கவிழ்த்திருந்தார். வெங்கடேசனுக்கு ஏழு தடவை போன் போட்டாகிவிட்டது. 'ஐயா ரூம்ல இல்ல, கீழ வண்டி பூட்டற லைன்ல இருக்காரு' என்ற ஒரே பதில்தான்.

தணிகாசலம் அவரிடம் போகவில்லை. நேராக மதிவதனியிடம் போனார்.

"பெட்டியெல்லாம் எங்கேயிருந்து வேன்ல ஏத்தினாங்க?"

"இங்கதான் சார். இந்தக் கதவுக்குப் பக்கத்துல."

கதவருகே சுவரில் ஒரு மரப் பலகை. வரிசை வரிசையாக ஆணி. சில ஆணிகளில் உள்ளங்கை அளவு மஞ்சள் அட்டைகள் தொங்கின.

"இது என்னம்மா, கோயில்ல வேண்டுதல் மாதிரி?"

"ஜப்பான் அட்டை சார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒண்ணு. அட்டை இல்லாத பெட்டியை ஆதவன் கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க. பெட்டி காலியானதும் அட்டை திரும்பி வரும். அதை இந்தப் பலகையில மாட்டுவோம். பலகையில அட்டை தொங்கினா இன்னும் சாமான் போகலை, செய்யணும்னு அர்த்தம். போயிட்டா அட்டையும் கூடப் போயிருக்கும்."

"அட்டை தொலைஞ்சா?"

"ஐயோ. அதான் சார் பெரிய குத்தம். பயிற்சி குடுக்க வந்த ஜப்பான்காரர் ஆறு மாசமா அதையேதான் சொன்னாரு. பெட்டி தொலைஞ்சா இன்னொரு பெட்டி செய்யலாம், அட்டை தொலைஞ்சா கணக்கே போச்சுன்னு. நடேசன் சார் தூக்கத்துல கூட அதைச் சொல்வாரு."

"காலையில போன பதினாறு பெட்டிக்கும் அட்டை யாரு மாட்டினது?"

"நான்தான் சார். எட்டு மணிக்கு. தேதி எழுதி, என் கையெழுத்து போட்டு மாட்டினேன்."

"அந்த அட்டையெல்லாம் இப்ப எங்க இருக்கணும்?"

"கொள்ளை போன பெட்டியோடதான்..."

சொல்லிக்கொண்டே பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

கிட்டே போனாள். ஓர் அட்டையைத் திருப்பினாள். இன்றைய தேதி. அவளுடைய கையெழுத்து. அடுத்தது. அதற்கடுத்தது. விரல் வைத்து எண்ணினாள்.

பதினாறு!

"சார்... இது எப்படி இங்க?"

"காலையில முதலாளி வெளியே போனாரா?"

மதிவதனியின் கண் நிறைந்துவிட்டது. பதில் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"வேன் கிளம்பினதும் ஈ.பி. ஆபீசுக்குப் போறேன்னு ஸ்கூட்டர்ல போனாரு. பத்தரைக்கு வந்தாரு. நேரா இந்தப் பலகைக்குத்தான் போனாரு."

*

பதினாறு அட்டைகளையும் மேஜையில் பரப்பினார் தணிகாசலம்.

"பெட்டியைத் தூக்கிப் போட உங்களுக்கு மனசு வந்தது. அட்டையைத் தூக்கிப் போட மனசு வரலை. இல்லையா?"

நடேசன் அட்டைகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பழக்கம் சார்," என்றார் கடைசியில். "கை தானா எடுத்து வெச்சுக்கிச்சு. இங்க வந்ததும் தானா மாட்டிடுச்சு. ஏன் மாட்டறோம்னு கூட யோசிக்கலை."

"பெட்டி எங்க?"

"ஏரிக்குப் பக்கத்துல ஒரு பாழுங்கெணறு இருக்கு சார். அதுல."

"ஏன்?"

"மொத்தமும் வேஸ்ட் சார். நானூறும்." கைகள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டன. "நேத்து சாயங்காலம் கம்ப்யூட்டர் லேத்துல நான்தான் அளவைத் தட்டினேன். ஒரு எண்ணைத் தப்பாத் தட்டிட்டேன். மெஷின் தப்பே பண்ணாதுன்னு சொன்னாங்க. உண்மைதான் சார், அது தப்புப் பண்ணலை. நான் பண்ண ஒரு தப்பை நானூறு தடவை கொஞ்சமும் பிசகாம செஞ்சு குடுத்துச்சு."

"யாரும் பார்க்கலையா?"

"பழைய லேத்துல டர்னர் நிப்பான். முதல் சிலிண்டரைக் கையில எடுத்ததுமே என்னமோ சரியில்லன்னு சொல்லிடுவான். அவங்களைத்தான் நான் வூட்டுக்கு அனுப்பிட்டேனே. இனிமே ஒவ்வொண்ணா சோதிக்க வேணாம், மெஷினே போதும்னு சொல்லிக் குடுத்தாங்க. இன்னிக்கு பெட்டியெல்லாம் வேன்ல ஏத்தின பின்னாடி சும்மா ஒண்ணை எடுத்து அளந்து பார்த்தேன். ஓட்டை பெருசு. பிரேக் புடிக்காது சார். மாட்டி அனுப்பினா எவனாவது குடும்பத்தோட சாவான்."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா லைன் நிக்கும். லைன் நின்னா ஒப்பந்தம் ரத்து. கொல்லையும் போச்சு, பட்டறையும் போச்சு. கொள்ளைன்னா மட்டும்தான் மன்னிப்பாங்க. எனக்கு வேற கதவே தெரியலை சார்."

சுப்பிரமணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தசரதன்?"

நடேசனின் முகம் கோணியது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"அவன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ஒத்துக்கிட்டான். ரெண்டு பேருமாத்தான் பெட்டிங்களைக் கெணத்துல தள்ளினோம். கடைசியில அவனே சொன்னான், மண்டைல ஒரு காயம் இருந்தாத்தான் முதலாளி போலீஸ் நம்பும்னு. திரும்பி உக்காந்து தலையைக் காட்டினான். எனக்குக் கை நடுங்கிச்சு. பயப்படாம அடிங்க முதலாளின்னு அவன்தான் தைரியம் சொன்னான். ஜாக்கி ராடால..."

நிறுத்திவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

"மயக்கம்னு நெனச்சேன் சார். எழுந்து போலீசுக்குப் போவான்னு நெனச்சேன். பதினஞ்சு வருஷம் என் வூட்ல சோறு தின்னவனை நானே கொன்னுட்டேன். பலராமன் பேரைச் சொன்னேன் பாருங்க, அது வேற பாவம்."

வாசலில் நின்ற முப்பது பேரும் கேட்டுவிட்டார்கள். யாரோ விம்மினார்கள். மதிவதனி சுவரோரம் திரும்பி நின்றாள்.

டெலிபோன் அடித்தது.

தணிகாசலம் எடுத்தார்.

"நடேசனா? நான் வெங்கடேசன் பேசறேன்."

"சப் இன்ஸ்பெக்டர் தணிகாசலம். உங்க லைன் எத்தனை மணிக்கு நின்னது?"

"லைனா? அது எங்க நின்னது? ஓடிக்கிட்டிருக்கு சார்."

தணிகாசலத்தின் நெற்றி சுருங்கியது. "சிலிண்டர் வரலையே?"

"அதை ஏன் கேக்கறீங்க. எங்க பழைய ஸ்டோர் கீப்பர் முனிரத்தினம்னு ஒருத்தர். குடோனைக் காலி பண்ணச் சொன்னப்ப மனுஷனுக்கு மனசு கேக்கலை. ஒவ்வொரு சாமான்லயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து சைக்கிள் ஷெட்டுல தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்காரு. யாருக்கும் தெரியாது. இன்னைக்கு லைன் நிக்கப் போகுதுன்னதும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்து நிக்கறாரு. சிலிண்டர் மட்டும் அறுநூறு. இதையெல்லாம் எறக்கறதுலதான் இவ்வளவு நேரம் போச்சு. எல்லாம் நடேசன் பழைய லேத்துல செஞ்சது, அத்தனையும் அருமையான சரக்கு."

"முனிரத்தினத்துக்கு என்ன குடுத்தீங்க?"

"மெமோ குடுத்திருக்கோம் சார். ஜப்பான் முறைக்கு விரோதமாச்சே. வண்டி கொள்ளை போன சேதி வந்துச்சு, நடேசனைக் கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க. அடுத்த வண்டியை நாளைக்கு சாயங்காலம் அனுப்பினாக்கூடப் போதும்."

தணிகாசலம் ரிசீவரை மெதுவாக வைத்தார். சொல்லத்தான் வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு சொன்னார்.

நடேசன் அழவில்லை. கத்தவில்லை.

"நான் செஞ்சதுதானா?" என்று மட்டும் கேட்டார். "பழைய லேத்துலயா?"

"ஆமா."

"காலையில ஒரு போன் பண்ணி, தப்பாயிடுச்சு சார், ஒரு நாள் டயம் குடுங்கன்னு கேட்டிருந்தா... தசரதன் இந்நேரம் அங்க உக்காந்து சோறு தின்னுக்கினு இருப்பான்."

நடேசன் எழுந்தார். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

தணிகாசலம் திரும்பினார். "சுப்பிரமணி, விலங்கை எடுய்யா."

சுப்பிரமணி இடுப்பைத் தடவினார். ஜீப்பைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"ஸ்டேஷன்ல கீது சார்."

"ஏன்யா எடுத்துக்கிட்டு வரலை?"

"எதுக்கு எந்நேரமும் சொமந்துகினு திரியணும், வேணுங்கும்போது வரவழைச்சுக்கலாம்னு வுட்டுட்டேன்... ஜப்பான் முறை சார்."